அடையில் சுருண்ட கோழிக்கு நீரும் தீனியும்

அடையில் படுத்திருக்கும் கோழி கத்திரி வெயிலில் சுருண்டு விழுந்தால் அதன் வாய்க்குள் முதலில் போக வேண்டியது நீர். தீனி அடுத்த நாள் சங்கதி. இந்த வரிசை மாறினால் கோழியைக் காப்பாற்றுவது கடினம். எங்கள் கீரி நிறப் பெட்டைக்கோழி பிழைத்துவிட்டது; தானாக மேய்கிறது, மண்ணில் புரண்டு குளிக்கிறது, சேவலை விரட்டுகிறது. கை ஞாபகம் மங்குவதற்குள் செய்தவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் நாலு கோழி வளர்க்கும் யாருக்காவது ஒரு நள்ளிரவில் உதவும்.

நாங்கள் இருப்பது பெரம்பலூர் பக்கம். வளர்ப்பவை எல்லாம் சிறுவிடைக் கோழிகள். பெரிய உடம்பு கிடையாது. ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்வதிலும் இவற்றை மிஞ்ச வேறு இனம் இல்லை என்பது அத்தையின் தீர்ப்பு. ஏப்ரல் கடைசியில் இந்தக் கோழிக்கு 11 முட்டை அடை வைத்தோம். பனங்கூடை, அதில் வைக்கோல், இடம் விறகுக் கொட்டகையின் மூலை. கொட்டகைக்கு மேலே தகரம்.

அடைக்கோழி வழக்கமாக நாளுக்கு ஒரு முறை எழுந்து வரும். தண்ணீர் குடிக்கும், அவசரமாகக் கொத்தித் தின்னும், பெரிய எச்சம் ஒன்று போட்டுவிட்டு முட்டைக்குத் திரும்பிவிடும். 21 நாள் இப்படி அரை வயிற்றில் உட்கார்ந்து உடம்பு இளைப்பது அதன் இயல்புதான். இந்தக் கோழி இரண்டு வாரம் தாண்டியதும் எழுந்து வருவதை நிறுத்திவிட்டது. ஆழ்ந்த அடை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாலை கூடைக்குள் கை விட்டபோது அது சிலிர்க்கவில்லை, உறுமவில்லை, கொத்தவும் இல்லை. அடைக்கோழி கையைக் கொத்தாவிட்டால் அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

தூக்கிப் பார்த்தேன். கொண்டை வெளுத்து, நுனி மட்டும் ஊதா நிறமாக இருந்தது. கண் பாதி மூடி, வாய் திறந்து மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தால் எச்சில் நூலாக இழுத்தது. நெஞ்சுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டபோது மடிப்பு உடனே படியாமல் நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு அது அடையாளம். நெஞ்செலும்பு அரிவாள் முதுகு போலத் துருத்திக்கொண்டிருந்தது. சமையல் தராசில் ஒரு சட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிக் கோழியை உட்கார வைத்தேன்: 1,010 கிராம். அதே ஈட்டில் பொரித்த அதன் கூடப்பிறந்த கோழி 1,380 கிராம் இருந்தது. அடைகாப்பதால் மட்டும் இவ்வளவு குறையாது.

முதல் வேலை சூட்டைத் தணிப்பது. நோயுற்ற கோழியைப் பல்பு வெளிச்சத்தில் வைத்து வெதுவெதுப்பாகக் காக்க வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். குளிர்ந்த ஊர்களுக்கும் எங்கள் கார்த்திகை மழைக்கும் அது சரி. மே மாதத்தில், இரவு எட்டு மணிக்கும் சுவர் சுடும் ஊரில், பல்பு போட்டால் கோழி செத்துவிடும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். அந்த ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் நீர் கொஞ்சம் போகிறது. திண்ணைக்குக் கொண்டுவந்து, அகலத் தட்டில் அறைச் சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் கால்களை அதில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். கொண்டையையும் தாடியையும் ஈரத்துணியால் ஒற்றினேன். ஜன்னலில் நனைத்த சாக்கு. பானைத் தண்ணீரையோ பனிக்கட்டித் தண்ணீரையோ தலையில் ஊற்றக் கூடாது. தளர்ந்த உடம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காது. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கல் குறைந்து வாய் மூடியது.

இன்னொன்று: கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இறக்கைக்கு அடியில் தொட்டால் நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது நீர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம்தான் கொடுத்தேன். ஒரு லிட்டருக்கான 21 கிராம் பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. கோழிக்குச் சின்னதுதான் வசதி. பெரியதைப் பிரித்துக் கண் அளவில் பாதி போட்டால் உப்பு எந்தப் பாதியில் கூடுதலாக விழுந்தது என்று தெரியாது. பறவைக்கு உப்பு மிஞ்சினால் விஷம். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கரைக்கலாம். கரைத்தது ஒரு நாள்தான் தாங்கும். மீதியைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இளநீரோடு வந்துவிட்டார். அன்பை மறுக்க மனம் வரவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அடிக்கடி கழிந்து வற்றிய உடம்புக்கும் வெயிலில் வற்றிய உடம்புக்கும் ஓஆர்எஸ்ஸின் இடத்தை அது நிரப்பாது. அதையடுத்துப் பால் கொடுக்கச் சொன்னார். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் வசதி பறவைகளுக்கு இல்லை, கழிச்சல்தான் மிஞ்சும். அதைப் பணிவாகச் சொல்லி மறுத்துவிட்டேன்.

விழுங்கும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான ஓஆர்எஸ்ஸை எடுத்து, அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு அலகோரமாக வழிந்து உள்ளே போனது. கோழி நாக்கை அசைத்து, தலையை உயர்த்தி விழுங்கியது. விழுங்கினால்தான் அடுத்த சொட்டு. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே, திறந்த சிறு பிளவாக இருக்கிறது. அலகைப் பிளந்து மேலிருந்து ஊற்றினால் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் கோழிகள் ‘தண்ணீர் ஊற்றியதும் செத்துப்போனது’ என்று சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்றிரவு மணிக்கு ஒரு முறை எழுந்து, ஒவ்வொரு முறையும் 5 முதல் 8 மில்லி வரை சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். ஒரு முறைக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

படுக்கை: பிஸ்கட் அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், அதன் மேல் பழைய துண்டைச் சும்மாடு மாதிரி சுற்றி, நடுவில் கோழி. சும்மாடு இருந்தால் கோழி நெஞ்சு தரையில் பட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒருக்களித்துச் சாய்ந்தால், கழுத்தடியில் தின்றது முதலில் தங்கும் தீனிப்பையில் இருக்கும் நீர் தொண்டைக்கு ஏறி வந்துவிடும். வைக்கோல் போடாமல் செய்தித்தாள் போட்டதற்குக் காரணம், எச்சம் எந்த நிறத்தில் எவ்வளவு விழுகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

முட்டைகளைப் பற்றியும் கேட்பீர்கள். கைபேசி விளக்கை முட்டையடியில் வைத்துப் பார்த்ததில் எட்டில் உயிர் இருந்தது. அதே தெருவில் சின்ன மாமியார் வீட்டில் ஒரு கோழி அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. இருட்டிய பிறகு எட்டையும் அதன் அடியில் வைத்துவிட்டு வந்தோம். ஆறு பொரிந்தன.

விடிந்ததும் தராசு 1,045 காட்டியது. கூடியது சதையல்ல, நீர்தான். ஆனால் கண் திறந்திருந்தது. அட்டைப்பெட்டியோடு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். மருத்துவ அம்மா கோழியின் இறக்கைக்கு அடியையும் எச்சத்துவாரத்தைச் சுற்றிய சிறகையும் பிரித்துக் காட்டினார். கடுகில் கால்வாசிகூட இல்லாத சிவப்பும் கருப்புமான பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கோழிப்பேன் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரத்தம் குடிக்கும் வகை. பகலில் கூடையின் இடுக்கிலும் வைக்கோலிலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறிவந்து குடிக்கும். அடைக்கோழி இடத்தை விட்டு எழாததால் அவற்றுக்கு ராத்திரிதோறும் விருந்து. கொண்டை வெளுத்தது இரத்தசோகையால். இரத்தம் குறைந்து தளர்ந்ததால் எழுந்து தண்ணீருக்குப் போகவில்லை. தண்ணீர் இல்லாமல் தகரத்துச் சூட்டில் வற்றியது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுமை.

கோழிக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்தானோ என்ற பயம் எனக்கு இருந்தது. உத்தரகாண்டின் ராணிக்கெட்டில் 1927இல் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. கழுத்து திருகவில்லை, இறக்கை தொங்கவில்லை, மற்றக் கோழிகள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன, தடுப்பூசியும் போட்டிருந்தது; அதனால் அது இல்லை என்று அவர் முடிவு செய்தார். எங்கள் ஊரில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீர் திடீரென்று விழுந்து சாகின்றன என்றால் இப்படி மடியில் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

பூச்சிக்கான மருந்தை அவர் எடை பார்த்துக் கொடுத்தார். பெயரையும் அளவையும் இங்கே எழுத மாட்டேன். கோழியின் நிலையைப் பார்த்து மருத்துவர் தர வேண்டியது அது. இந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் வரை உண்ணக் கூடாது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கூடவே பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து.

அங்கே நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் குழாய் வழியாகக் கொடுப்பது. கைக்குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் கொடுக்கப் பயன்படும் மெல்லிய குழாயை மருந்துக் கடையில் எண் சொல்லிக் கேட்க வேண்டும். 10 எண் குழாய் வாங்கினோம். சற்றுக் கெட்டியான கரைசலுக்கு 12 எண் நல்லது. கோழியின் அலகு நுனியிலிருந்து கழுத்தோரமாகத் தீனிப்பை வரை குழாயை வெளியே வைத்து அளந்தேன். எங்கள் கோழிக்கு 16 சென்டிமீட்டர் வந்தது. அந்த இடத்தில் ஒட்டுத்துணி சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் எவ்வளவு உள்ளே போயிற்று என்ற சந்தேகம் வராது.

அத்தை கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் இடது கையால் தலையைப் பிடித்துக் கழுத்தை மேல்நோக்கி நேராக நீட்டினேன். குழாய் நுனியை ஓஆர்எஸ்ஸில் நனைத்து, கோழியின் இடப்பக்க அலகோரத்தில் நுழைத்து, நாக்குக்கு மேலாக, அதன் வலப்பக்கத் தொண்டையை நோக்கிச் சரித்து இறக்க வேண்டும். உணவுக்குழலும் தீனிப்பையும் கோழிக்கு வலப்பக்கம்தான். சரியாகப் போனால் எண்ணெயில் வழுக்குவது போன்ற உணர்வுதான் இருக்கும், தடை இருக்காது. தடுத்தால் அழுத்தக் கூடாது, வெளியே இழுத்து மறுபடி தொடங்க வேண்டும். அடையாளம் வரை போனதும் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வளையம் வளையமாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழல். அதன் பக்கத்தில் தனியாக ஒரு வழவழப்பான குழாய் தட்டுப்பட வேண்டும். இரண்டும் தனித்தனியாகக் கைக்குத் தெரிந்தால்தான் சிரிஞ்சைப் பொருத்தலாம். ஒன்று மட்டும் தெரிந்தால் குழாய் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது என்று பொருள். அப்படியே உருவிவிட வேண்டும். இதை ஒருவர் செய்து காட்டாமல் எழுத்தைப் படித்து மட்டும் யாரும் முயல வேண்டாம். மருத்துவ அம்மா ஒரு முறை செய்து காட்டி, இன்னொரு முறை என் கையால் செய்ய வைத்த பிறகே அனுப்பினார்.

அளவுக்கு அவர் சொன்ன கணக்கு இது. சாதாரணமாகவே கிலோ எடைக்கு நாளுக்கு 50 மில்லி நீர் வேண்டும். எங்கள் கோழி பத்தில் ஒரு பங்கு நீரை இழந்திருந்தது என்று வைத்துக்கொண்டால் பற்றாக்குறை சுமார் 100 மில்லி. அதை ஒரேயடியாக நிரப்பாமல் இரண்டு நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு 50ம் 50ம் சேர்த்து 100 மில்லி. முதல் வேளை 10 மில்லியில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் 15, பிறகு 20. வெதுவெதுப்பு 39 டிகிரி. மனிதக் காய்ச்சல்மானியை டம்ளரில் விட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிஞ்சை மெதுவாக, 20 மில்லிக்கு அரை நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். வாயில் நீர் தெரிந்தால் உடனே நிறுத்தி, குழாயை மடக்கிப் பிடித்தபடி உருவிவிட்டுத் தலையை விட்டுவிட வேண்டும். கோழியே உதறித் துப்பிக்கொள்ளும். மடக்காமல் உருவினால் குழாயின் கடைசிச் சொட்டுகள் தொண்டையில் சிந்தும்.

அன்று மாலைக்குள் கோழி கழுத்தை உயர்த்தி உட்கார்ந்தது. அந்த மகிழ்ச்சியில் வீட்டில் குருணைக் கஞ்சி காய்ச்சினோம். அத்தைக்கு இது ஆண்டாண்டுகால வழக்கம்; சுணங்கும் கோழிக்கு எத்தனையோ முறை கொடுத்து எழுப்பியிருக்கிறார். நானும் சந்தேகப்படாமல் சின்ன உருண்டைகளாக விரலால் வாயில் வைத்தேன். விழுங்கிவிட்டது. மறுநாள் விடியலில் தீனிப்பையைத் தொட்டபோது முந்தைய இரவு கொடுத்தது அப்படியே கிடந்தது. தொட்டால் தொளதொளவென்று, நீர் நிரப்பிய பை மாதிரி. அலகருகே முகர்ந்தால் பழைய சோற்றின் புளிப்பு வாடை. எடையும் ஏறவில்லை.

ஆரோக்கியமான கோழிக்கு இரவில் தின்றது விடிவதற்குள் தீனிப்பையை விட்டு இறங்கி, பை வெறுமையாகத் தொங்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் குடல் ஓட்டம் நின்றுபோயிருக்கும். அதற்குள் மாவுச்சத்தைத் திணித்தால், 41 டிகிரிச் சூட்டில் அது புளிக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டில் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கஞ்சியைக் கக்க வைக்கச் சொன்னார்கள். கக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதால் செய்யவில்லை. தீனி அத்தனையையும் நிறுத்தி, ஓஆர்எஸ் மட்டும் 10 மில்லி வீதம் இடைவெளி விட்டுக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் தீனிப்பையை உள்ளங்கையால் மெல்லப் பிசைந்துவிட்டேன். பொழுது சாயும்போது பை பாதியாகச் சுருங்கியது. இரவு வெறுமையானது. அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே: தீனிப்பை காலியாகும் வரை அடுத்த வேளை கிடையாது. கடிகாரம் என்ன சொன்னாலும் விரல் சொல்வதுதான் கணக்கு.

தீனி மறுபடி தொடங்கியது முட்டை மஞ்சள் கருவில். ஒரு வேகவைத்த மஞ்சள் கருவை 40 மில்லி ஓஆர்எஸ்ஸில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் இருமுறை வடித்தேன். வடிக்காவிட்டால் 10 எண் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் 10 மில்லி. மூன்று மணி நேரத்தில் பை காலி. இது ஓடுகிறது என்று தெரிந்ததும் குஞ்சுத் தீவனத்துக்கு மாறினேன். அதில் புரதம் கூடுதல். இரத்தம் இழந்த உடம்புக்கு அரிசியைவிட அதுதான் வேண்டும். மிக்ஸியில் மாவாகப் பொடித்து, ரவை சல்லடையில் சலித்து, ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறாமல் கொடுத்தால் தீனிப்பைக்குள் போய் ஊறி வீங்கும். 20 மில்லிக் கரைசலில் சுமார் 5 கிராம் தீவனம் போகும். ஒரு நாளைக்கு 30 கிராம் வரை போக வேண்டும் என்று இலக்கு வைத்தேன். முதல் நாள் பாதிதான் போனது, அதுவே போதும். வற்றிக் கிடந்த உடம்பில் ஒரே நாளில் வயிறு முட்டத் தீனி ஏற்றுவதும் ஆபத்து.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் குழாயையும் சிரிஞ்சையும் வெந்நீரால் பீய்ச்சிக் கழுவி, வெள்ளைத் துணியில் காய வைத்தோம். வெயிலில் விட்ட கரைசல் சீக்கிரமே புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே இல்லை. நம் கையையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கோழி எச்சத்திலிருந்து நமக்கு வயிற்றுப்போக்கு தொற்றும்.

எச்சம் ஒரு கடிதம் மாதிரி வந்துகொண்டிருந்தது. தீனி இல்லாத நாட்களில் பச்சை நீரும் வெள்ளைச் சுண்ணமும். பச்சை என்பது பித்தம். வயிற்றில் வேறு ஒன்றும் இல்லாததால் அது மட்டும் வருகிறது. பச்சையைப் பார்த்ததும் கொடிய நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மஞ்சள் கரு போனதும் எச்சம் மஞ்சளித்துக் குழகுழத்தது. தீவனம் இறங்கியதும் பழுப்பாக, வெள்ளைத் தொப்பி வைத்துக் கட்டியாக விழுந்தது. அதன் பிறகு ஒரு காலையில், வழக்கமான எச்சத்திலிருந்து வேறுபட்டுக் கரும்பழுப்பில் பசை போன்ற, வீச்சம் பிடித்த எச்சம் ஒன்று. பெருங்குடல் பைகளிலிருந்து வருவது அது. குடல் முழுக்க வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

தானாகத் தின்ன வைத்தது கரையான். இதில் முழுப் பெருமையும் அத்தைக்கு. உடைந்த மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, பனை மட்டைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் வேலியோரம் கவிழ்த்து வைத்தார். விடியலில் பானையை நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்துக்கிடந்தது. குஞ்சு வளர்க்க இதைப் போடுவது எங்கள் பக்கம் பழைய பழக்கம். அசையாத தீவனத்தைத் திரும்பியும் பார்க்காத கோழி, நெளியும் கரையானைக் கண்டதும் கழுத்தை நீட்டி ஒன்றைக் கொத்தியது, பிறகு விடவில்லை. குழாயின் தேவை அன்றே பாதியாகக் குறைந்தது. பிறகு ஊறவைத்த கம்பு, வேகவைத்த ஆட்டு ஈரலில் பட்டாணி அளவு, முருங்கைக் கீரைப் பொடி தூவிய ஈரத் தீவனம் என்று ஏற்றிக்கொண்டே போனோம். கொண்டைக்குச் சிவப்பு திரும்பியதுதான் எல்லாவற்றிலும் தாமதம். எடை மூன்று வாரத்தில் 1,290 ஆனது.

பூச்சியை ஒழிக்காமல் கோழியை மட்டும் தேற்றுவது வீண் வேலை. பனங்கூடையையும் வைக்கோலையும் கொளுத்திவிட்டோம். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, பிறகு சுண்ணாம்பு அடித்தோம். மரத் தூண்களுக்கு வேப்பெண்ணெய். இந்த வெயிலில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஒரு வாரம் போதும் என்பதால், வாரம் கழித்து இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்தோம். இரத்தம் கிடைக்காமலே இவை மாதக்கணக்கில் உயிரோடு இடுக்கில் கிடக்கும். ‘கூண்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டால் போய்விடும்’ என்பது நடக்காது. சோதித்துப் பார்க்க எளிய வழி, இரவில் வெள்ளைத் துணியால் கூண்டுக் கம்பியின் அடிப்பக்கத்தைத் துடைப்பது. துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் பூச்சி இருக்கிறது. மண்குளியலுக்குப் பழைய டயர் ஒன்றில் மணல், விறகுச் சாம்பல், வேப்பிலைப் பொடி கலந்து கொட்டியிருக்கிறோம்.

மந்தையில் திரும்பச் சேர்ப்பதையும் அவசரப்படுத்தவில்லை. விலகியிருந்த கோழியை மற்றவை கொத்தி ரணமாக்கும். கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்துக்குள் இதை வைத்து, சுற்றிலும் மற்றவற்றுக்குத் தீனி போட்டோம். ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின், அடையும் நேரத்தில் இருட்டோடு இருட்டாகக் கூண்டில் ஏற்றிவிட்டோம். காலையில் சேவலோடு சிறு சச்சரவு மட்டும்.

செலவு: 200 மில்லி ஓஆர்எஸ் பொட்டலங்கள் 60 ரூபாய், 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்சுகள் 40, குழாய் இரண்டு 80, குஞ்சுத் தீவனம் இரண்டு கிலோ 100, பி காம்ப்ளக்ஸ் 75, சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும் 190, ஆட்டோ 200. மொத்தம் 745 ரூபாய். மருந்தகத்தில் காசு வாங்கவில்லை. தராசு வீட்டில் இருந்தது. இந்தக் காசுக்கு ஒரு கோழியே வாங்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. எட்டு ஈடு குஞ்சு பொரித்து வளர்த்துக் கொடுத்த கோழி இது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வெளுத்த கொண்டையோடு அதைக் கூடையில் சாக விடுவது என்னால் ஆகாது.

அடுத்த முறைக்கு மாற்றப் போகிறவை. கத்திரிக்கு முன்பே குஞ்சு பொரிந்துவிடும்படி அடை வைப்பதை மார்ச் முதல் வாரத்துக்கு முன்னால் தள்ளுவோம். அடை வைக்கும் நாளில் எடை பார்த்துச் சுவரில் எழுதி, வாரம் ஒரு முறை பார்ப்போம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் முட்டையை வேறு கோழிக்கு மாற்றிவிடலாம். கூடைக்குப் பதில் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தொட்டி, அடியில் மணலும் சாம்பலும், மேலே நொச்சித் தழை. எழாத கோழியைத் தினமும் நாமே எழுப்பித் தண்ணீர்ச் சட்டி முன்னால் விட வேண்டும். 12 எண் குழாய், சிரிஞ்சுகள், நான்கு ஓஆர்எஸ் பொட்டலம், ஒட்டுத்துணி, காய்ச்சல்மானி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்தாயிற்று. டப்பாவின் மூடியில் 50 மில்லிக் கணக்கையும், தீனிப்பை காலியாகாமல் அடுத்த வேளை இல்லை என்பதையும் அத்தை படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.